கலுண்ட்போர்க் குழாய்களைத் தேடி: டென்மார்க்கில் ஆறு நாள்

முதல் நாள், கோபன்ஹேகன்

நேற்று ராத்திரி வந்து இறங்கினேன். சித்தி மகள் வீட்டில்தான் தங்கல். அக்கா இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "டிவோலி பூங்காவுக்குப் போறியா, கடற்கன்னி சிலையைப் பார்க்கிறியா?" என்று கேட்டாள். கலுண்ட்போர்க் போகணும் என்றேன். "அங்கே என்னடா இருக்கு, ஃபாக்டரிதானே இருக்கு?" அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம், "சரி, வெள்ளிக்கிழமை லீவு போடறேன், நானும் வர்றேன்" என்றாள்.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் வருடா வருடம் நிலைத்த வளர்ச்சி அறிக்கை தயாரிப்பது என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் ஆலையிலிருந்து வீணாக ஓடும் வெந்நீரை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு ஆலைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்ததில் இரண்டு பேருக்கும் லாபம். குழாய் அரைக் கிலோமீட்டர்கூட வேண்டாம். ஆனாலும் நடக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மூன்று அறிக்கைகளில் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதினேன், நாலாவது வருடம் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். அது எனக்கு இன்னும் உறுத்தல். இதே வேலையை 50 வருடத்துக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கும் கலுண்ட்போர்க் என்று ஒரு ஊர் இருக்கிறது என்று தெரிந்தபின் அதை நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்று மதியம் அமாகர் கடற்கரைக்குப் போனேன். கரையிலிருந்து பார்த்தாலே மிடில்குருண்டன் காற்றாலைகள் வில் போல வளைந்து நிற்பது தெரிகிறது. மொத்தம் 20, ஒவ்வொன்றும் 2 மெகாவாட், 2000-ஆம் ஆண்டு வைத்தது. இதில் பாதி நகர மின்வாரியத்துடையது, மறுபாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துடையது. 40,500 பங்கு, 8,500-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கடலில் சுற்றும் அந்த இறக்கையில் தன் பணமும் இருக்கிறது என்று தெரிந்தவன் அதைப் பார்க்கும் பார்வையே வேறாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

அங்கிருந்து திரும்பினால் எதிரே கோபன்ஹில். குப்பையை எரித்து மின்சாரமும் ஊருக்குச் சூடும் தரும் ஆலை, அதன் கூரைமேல் 85 மீட்டர் உயரத்திலிருந்து பனிச்சறுக்குச் சரிவு. ஆலை 2017-இல், சரிவு 2019-இல். மேலே ஏறிப் பார்த்தேன், காட்சி பிரமாதம்தான். ஆனால் ஒரு விஷயம் மனதில் தைக்கிறது. இந்த அளவு எரிக்கும் திறனைக் கட்டிவிட்டால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டென்மார்க் வெளிநாட்டுக் குப்பையை இறக்குமதி செய்து எரிக்கிறது என்பது இங்கே நெடுநாளாக விவாதம். கழிவைப் பயன்படுத்த ஆலை கட்டினால் நாளைக்கு அந்தக் கழிவு குறையக் கூடாது என்று ஆலையே விரும்ப ஆரம்பித்துவிடாதா? கலுண்ட்போர்க்கிலும் இதே கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், ரயிலிலும் அதற்கப்புறமும்

ரொஸ்கில்ட, ஹோல்பெக் வழியாக மேற்கே போகும் ரயில். மே மாதம் ஆதலால் இரண்டு பக்கமும் எண்ணெய்க் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கின்றன. அக்கா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். இரண்டு மணி நேரத்துக்குள் தண்டவாளமே முடிந்துவிடுகிறது, அதுதான் கலுண்ட்போர்க்.

சின்ன ஊர், 16,000 பேருக்குக் கொஞ்சம் மேல். ஊருக்கு நடுவில் ஐந்து கோபுரங்களோடு ஒரு பழைய செங்கல் தேவாலயம். அதன் பின்னால் வானத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கி. ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்கலாம், நானும் பிடித்தேன்.

சாயங்காலம் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், வெள்ளித் தகடு போர்த்திய பருமனான குழாய்கள் சாலையோரமாகவே ஓடுகின்றன. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை நேராகப் போகாமல் பெரிய 'ப' வடிவத்தில் வளைந்து திரும்பவும் நேராகின்றன. "ஏண்டா இப்படி வளைச்சு வளைச்சுப் போட்டிருக்காங்க, நேரா போட்டா இரும்பு மிச்சமாகுமே?" என்றாள் அக்கா. நீராவி போகும்போது இரும்பு நீளும், நின்றால் சுருங்கும், நேராக இறுக்கிக் கட்டியிருந்தால் ஏதாவது ஓரிடத்தில் பிய்த்துக்கொள்ளும், அந்த வளைவுதான் நீட்சியை வாங்கிக்கொள்கிறது என்று விளக்கினேன். குழாயைத் தாங்கும் கால்களில்கூடச் சறுக்கித் தட்டு வைத்திருக்கிறார்கள், பாரம் உட்கார்ந்தபடியே நகர்வதற்கு. தட்டில் தேய்ந்த தடம் பளபளவென்று விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அந்தத் தடத்தைப் பார்த்தபோது நான் எழுதிய எல்லா அறிக்கைகளையும்விட அது அதிகம் சொல்வதாகப் பட்டது. வருடக்கணக்காக இந்தக் குழாயில் ஏதோ ஒன்று உண்மையிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள், கலுண்ட்போர்க்

இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

இந்த ஊரின் ஏற்பாட்டுக்குத் தொழிற்கூட்டுயிர்வாழ்வு என்று பெயர், ஆங்கிலத்தில் சிம்பயாசிஸ் என்பார்கள். இதில் நான் முதலில் தெரிந்துகொண்ட விஷயம், இதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை என்பது. ஒரு மேதை உட்கார்ந்து வரைபடம் போட்டு, இந்த ஆலை இங்கே அந்த ஆலை அங்கே என்று வைக்கவில்லை. 1961-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. நிலத்தடி நீர் போதாது என்பதால் திஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் போட்டார்கள். 1972-இல் ஜிப்சம் பலகை செய்யும் கைப்ராக் ஆலை வந்தது, சுத்திகரிப்பு ஆலை சும்மா வானத்தில் எரித்துக்கொண்டிருந்த வாயுவை வாங்கித் தன் பலகைகளைக் காய வைத்தது. அடுத்த வருடம் ஆஸ்னெஸ் மின்நிலையமும் ஏரிக் குழாயில் சேர்ந்துகொண்டது. 1976-இல் மருந்து ஆலையின் சேறு வயல்களுக்கு உரமாகப் போனது. 1979-இல் மின்நிலையத்துச் சாம்பல் சிமென்டுக்குப் போனது. இப்படி ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் இரண்டே பேருக்கு நடுவில் போட்ட தனி ஒப்பந்தமாக. 1980-களின் கடைசியில்தான் திரும்பிப் பார்த்து, அடடா இது ஒரு வலை மாதிரி ஆகிவிட்டதே என்று பெயரே வைத்தார்கள்.

எனக்கு இது பெரிய ஆறுதல். எங்கள் கூட்டங்களில் முதலில் கொள்கை, அப்புறம் இலக்கு, அப்புறம் லோகோ, கடைசியில் குழாய் என்று போகும், குழாய் வருவதற்குள் பட்ஜெட் தீர்ந்துவிடும். இங்கே குழாய்தான் முதலில் வந்திருக்கிறது.

நீராவிக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நான் வந்ததே அதற்காகத்தான். எரிபொருளை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தில், எரித்ததில் பாதிக்கு மேல் மின்சாரமாக மாறாமல் சூடாகவே வெளியே போய்விடும். கடலோரமாக இருந்தால் அந்தச் சூட்டைக் கடலில் விடுவார்கள், இங்கும் ஃப்யோர்டு எனப்படும் குறுகிய கடல் உள்வாயின் தண்ணீரில்தான் போய்க்கொண்டிருந்தது. 1981-இல் அதே சூட்டை ஊர் வீடுகளுக்குக் குழாய் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வீடு எண்ணெய் எரித்துக்கொண்டிருந்த சுமார் 3,500 அடுப்புகள் இதனால் அணைந்தன. 1982-இல் மருந்து ஆலைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் நீராவி போனது. மருந்து ஆலைக்குப் போட்ட அந்த மூன்று கிலோமீட்டர் குழாய், போட்ட முதலை இரண்டே வருடத்தில் திருப்பித் தந்துவிட்டது. எண்ணெய் விலை எகிறிக் கிடந்த காலம் அது, அதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது ஜிப்சம், இதில்தான் சட்டம் உள்ளே வருகிறது. நிலக்கரியை எரித்தால் வரும் புகையில் கந்தகம் இருக்கும், அதை வெளியே விடாமல் பிடித்தாக வேண்டும் என்று நெருக்கடி. பிடிப்பதற்குப் பல முறைகள் உண்டு. மின்நிலையம் சுண்ணாம்பு முறையைத் தேர்ந்தெடுத்தது. புகை சுண்ணாம்புக் குழம்பின் வழியாகப் போகும்போது கந்தகம் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சல்பேட் ஆகிறது, அதாவது ஜிப்சம். பக்கத்திலேயே ஜிப்சம் பலகை ஆலை ஸ்பெயினிலிருந்து கப்பலில் ஜிப்சம் வரவழைத்துக்கொண்டிருந்தது. 1993 முதல் பக்கத்து வீட்டு ஜிப்சத்தை வாங்க ஆரம்பித்தது. சட்டம் கந்தகத்தைப் பிடி என்றுதான் சொன்னது, எந்த முறையில் பிடித்தால் விற்கலாம் என்று யோசித்தது மின்நிலையம். எனக்குத் தெரிந்து புத்தாக்கம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, தெரிந்த முறைகளுக்குள் வாங்குபவன் பக்கத்தில் இருக்கும் முறையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் கழிவுக்கு 1987-லேயே வரி வந்துவிட்டது, கார்பனுக்கு 1992-இல். கழிவைக் கொட்டினாலும் காசு, கரி எரித்தாலும் காசு என்றால் பக்கத்து ஆலைக்காரரோடு பேசத் தானாகவே நேரம் கிடைக்கும். நல்ல மனசு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த வரிகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். வரி போட்டால் போதும் என்பவர்கள், இந்த ஊர் மேனேஜர்கள் ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்கள், மாலையில் ஒரே ஊரில் நடமாடியவர்கள் என்பதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டுமே வேண்டும் என்று படுகிறது.

சரி, கோபன்ஹில்லில் வந்த கேள்வி. மின்நிலையம் நிலக்கரியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஆகியே விட்டது. 2020-ஐ ஒட்டி ஆஸ்னெஸில் மரச்சில்லு எரிக்கும் புதிய அலகு வந்துவிட்டது. துறைமுகத்துப் பக்கம் போனால் சில்லுக் குவியல் தெரிகிறது, ஈரமான மர வாசனை காற்றில் வருகிறது. நிலக்கரி இல்லை என்றால் கந்தகப் புகை இல்லை, அந்த ஜிப்சமும் இல்லை, அந்தச் சாம்பலும் இல்லை. வலையில் இரண்டு இழை அறுந்தது. ஆனால் வலை கிழியவில்லை. நீராவி மரச்சில்லிலிருந்து வருகிறது. பலகை ஆலைக்கு, இடித்த கட்டடங்களில் உரித்தெடுத்த பழைய பலகையும் மூலப்பொருளாகிறது. மருந்து ஆலையின் ஈஸ்ட் மிச்சம் முன்பு பன்றிப் பண்ணைக்குப் போனது. 2018-இல் சாண எரிவாயு மாதிரி ஒரு பெரிய உயிர்வாயு ஆலை வந்தபின் மருந்து ஆலை, நொதி ஆலை இரண்டின் மிச்சமும் அங்கே போய் வாயுவாகிறது. வாயு எடுத்தபின் எஞ்சும் கரைசல் வயலுக்கு உரம்.

ஒரே பொருளை நம்பிக் கட்டிய உறவு முறிந்தாலும், பேசிப் பழகிய பழக்கம் முறியாமல் இருந்தால் வேறு பொருள் கிடைக்கிறது. இதை இங்கே வந்து பார்க்காமல் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மரச்சில்லைப் பற்றி எனக்கு முழுத் திருப்தி இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மரம் திரும்ப வளரும், ஆகவே கார்பன் கணக்கு சமம் என்பது வாதம். எரிக்க ஒரு நாள், வளர பல பத்தாண்டுகள். அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்று கணக்கெழுதுகிறவன் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான்காம் நாள், திஸ்ஸோ ஏரி

அக்கா நேற்று ராத்திரியே ஊர் திரும்பிவிட்டாள். இன்று தனியாக வாடகை சைக்கிள்.

எல்லாம் ஆரம்பித்த இடம் இந்த ஏரி என்பதால் பார்க்க ஆசை. ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவு இருக்கும். வைக்கிங் காலத்துப் பெருமாளிகை ஒன்று இருந்த இடமும் இதன் கரைதான். இந்தப் பக்கத்து வயலில் 1977-இல் கிட்டத்தட்ட 1.8 கிலோ எடையுள்ள தங்கக் கழுத்து வளையம் கிடைத்திருக்கிறது. எவ்வளவோ தேடினேன், தொழிற்சாலைக்குத் தண்ணீர் போகிறது என்று சொல்ல ஏரிக்கரையில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. நாணல், வாத்துகள், ரொம்ப தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு.

குடிக்கும் தரமுள்ள நிலத்தடி நீரைக் குளிரூட்டவும் கழுவவும் வீணாக்காமல் ஏரி நீரை எடுப்பதால், வருடத்துக்குச் சுமார் 40 லட்சம் கன மீட்டர் நிலத்தடி நீர் மிச்சமாகிறது என்று ஆலைகளின் கூட்டமைப்பு சொல்கிறது. ஒருமுறை உபயோகித்த தண்ணீரையும் அப்படியே விடுவதில்லை. சுத்திகரிப்பு ஆலை குளிரூட்டிய நீர் 1987 முதல் மின்நிலையத்து பாய்லருக்குப் போனது. ஆலைகளின் கழிவுநீர் வெதுவெதுப்பாகவே வருவதால் அந்தச் சூட்டையும் ஹீட் பம்ப் என்ற கருவியை வைத்து உறிஞ்சி ஊர் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். கழிவுநீரில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பைக்கூட விடாத இந்தக் கஞ்சத்தனம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பழைய சோற்றை வீணாக்காத பாட்டியின் கை மாதிரி.

கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் நாயோடு வந்தார். எந்த ஊர், ஏன் இங்கே என்று விசாரித்தார், சொன்னேன். ஆலைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவராம். எந்த ஆலை என்று நான் கேட்கவில்லை. நான் மனதில் வைத்திருந்ததை அவரிடம் கேட்டேன்: நீராவி நின்றால் வாங்குகிறவர் என்ன செய்வார்? அவர் யோசிக்கவே இல்லை. நிற்காமல் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும் என்றுதான் கேட்டார்கள், பராமரிப்புக்கு நிறுத்தும் தேதிகளை வருட ஆரம்பத்திலேயே இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒத்துப் பார்ப்போம் என்றார். சண்டை வந்ததுண்டா என்றேன். நிறைய, விலையைப் பற்றி என்றார். அப்புறம் நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது, அவரும் போய்விட்டார்.

எங்கள் திட்டம் செத்தது எங்கே என்று இப்போது துல்லியமாகத் தெரிகிறது. நாங்கள் சேமிப்பைக் கணக்குப் போட்டோம், எத்தனை டன் கார்பன் குறையும் என்று கணக்குப் போட்டோம். எங்கள் ஆலை வருடத்தில் எத்தனை நாள் நிற்கும் என்ற அட்டவணையை அவர்களிடம் காட்டவே இல்லை. அது உள்விவகாரம் என்று மேலே சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். தேதி தெரியாத சூட்டை நம்பி எவன் தன் பாய்லரை அணைப்பான்?

ஐந்தாம் நாள், சாம்ஸோ தீவு

கலுண்ட்போர்க்கிலிருந்து கப்பலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் தீவின் பாலென் துறைமுகம். சாம்ஸோ 114 சதுர கிலோமீட்டர், நாலாயிரம் பேர்கூட இல்லை. 1997-இல் அரசு வைத்த போட்டியில் ஜெயித்து, பத்து வருடத்தில் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுகிறோம் என்று கிளம்பிய தீவு. தரையில் 1 மெகாவாட் காற்றாலைகள் 11, கடலில் 2.3 மெகாவாட் காற்றாலைகள் 10. மிஞ்சும் மின்சாரம் கடலடிக் கேபிள் வழியாக டென்மார்க்கின் பெருநிலமான யூட்லாந்துக்குப் போகிறது.

இதை முன்னின்று இழுத்த சோரன் ஹெர்மன்சன் இந்தத் தீவுக்காரர். விவசாயிகளோடு திரும்பத் திரும்பக் கூட்டம் போட்டுப் பேசித்தான் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தரையில் உள்ள 11-இல் 9 விவசாயிகளுடையது, 2 கூட்டுறவுப் பங்குதாரர்களுடையது. கடல் காற்றாலைகளில் ஐந்தை ஊராட்சியே வாங்கியது. காற்றாலை சத்தம் என்று எதிர்க்கக்கூடியவரே அதன் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

காற்றாலையைவிட என்னைக் கட்டிப்போட்டது வைக்கோல். இங்கே வீடுகளுக்குச் சூடு தரும் நிலையங்களில் வைக்கோல் எரிக்கிறார்கள். ஒரு ஆள் நின்றால் தோளுக்கு வரும் அளவு பெரிய வைக்கோல் கட்டுகள் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன. அங்கிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து உள்ளே போய், கத்தியில் உதிர்ந்து அடுப்பில் விழுகிறது. அறுவடையானபின் வயலில் கிடக்கும் பொருளுக்கு விவசாயிக்கு விலை, எரிந்த சாம்பல் அதே வயலுக்குத் திரும்பிப் போகிறது. தீவுக்கு வெளியே எண்ணெய் வாங்கப் போன பணம் தீவுக்குள்ளேயே சுற்றுகிறது. குழாய் போட்டதும் வீட்டுக்குள் இணைப்பு கொடுத்ததும் உள்ளூர் பிளம்பர்கள். இவர்களை மாற்றத்தின் நாயகர்கள் என்று எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரர் பழைய அடுப்பைக் கழற்றலாமா என்று முதலில் கேட்பது பிளம்பரைத்தான். அவர் சரி என்றால் சரி, உதட்டைப் பிதுக்கினால் அந்தத் தெருவே யோசிக்கும்.

எங்கள் ஆலையில் அந்த பிளம்பர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். பாய்லர் அறை ஃபோர்மன். திட்டத்துக்காக நடந்த ஏழு கூட்டங்களில் ஒன்றுக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை.

ஆறாம் நாள், கப்பலில்

காலைக் கப்பல். மேல் தளத்தில் காற்று தள்ளுகிறது, ஆகவே உள்ளே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலில் முதலில் புகைபோக்கி தெரிந்தது, அப்புறம் ஐந்து கோபுரங்கள்.

பழைய திட்டக் கோப்பை லேப்டாப்பில் திறந்தேன். 42 பக்கம். முதல் 30 பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒரே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். மேலே எங்கள் ஆலை அடுத்த வருடம் நிற்கும் தேதிகளுக்கு ஒரு அட்டவணை, இப்போதைக்குக் காலியாக. பக்கத்தில் அவர்கள் ஆலை நிற்கும் தேதிகளுக்கு ஒரு பத்தி, அதுவும் காலி. கீழே, கூட்டத்துக்கு வர வேண்டியவர்கள் என்று போட்டு இரண்டு பக்கத்து பாய்லர் ஃபோர்மன்களையும் முதலில் எழுதினேன்.

ஃபோர்மனுக்கு மெசேஜ் போட்டேன்: "அண்ணே, அடுத்த வருஷம் ஷட்டவுன் எப்போ எப்போன்னு உங்க கையில இருக்கிற லிஸ்ட் வேணும். பக்கத்து ஆலைக்காரங்ககிட்ட காட்டப் போறேன், நீங்களும் கூட வரணும்."

கப்பல் கரை தட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. "வாங்க தம்பி, பேசுவோம். அங்க இருக்கிற ஃபோர்மன் நமக்குத் தெரிஞ்சவர்தான்."